தெப்பத்தைக் கேட்டு வந்தவர்

இது நடந்தது. நடக்கவில்லை என்று யாராவது எனக்கு நிரூபித்துக் காட்டினால் அவர் காலில் விழக்கூடத் தயாராக இருக்கிறேன். தூக்கக் கலக்கம், காற்றுச் சத்தம், மனப்பிரமை... என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அன்று என்னோடு இன்னொருவனும் இருந்தான். நான் கேட்டதையெல்லாம் அவனும் கேட்டான்.

குளத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். சாத்தாம்பேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரி தாண்டி, வள்ளியூர் போகும் பெரிய ரோட்டில் இருந்து மேற்கே பிரிந்து ஏழு கிலோமீட்டர். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் பெரிய குளம். கிழக்கே உயரமான கரை, அதையொட்டி நல்ல ஆழம். மேற்கே போகப் போக ஆழம் குறைந்து கோரைக்காடாக முடியும்.

என் பெயர் முஆத். சொந்த ஊர் மேலப்பாளையம். பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் பறவைகள்தான். மழைக்காலம் முடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு குளம் குளமாகச் சுற்றுவேன். என் மனைவி தஸ்லிமா அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

கூட வந்தவன் ஜெர்வின். கல்லூரியில் என்னோடு படித்தவன். உவரிக்காரன். தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்க்கிறான். காற்றடித்து மிதக்கவிடும் ரப்பர் படகு ஒன்று புதிதாக வாங்கியிருந்தான். கடலில் அதை விட்டால் ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள், உன் குளத்தில் விடுவோம் என்றான். இரண்டு பேருக்கும் அந்த வாரம் லீவு அமைந்தது.

2025, ஜனவரி 18. சனிக்கிழமை. பொங்கல் முடிந்த வார இறுதி.

பிற்பகல் 3.20க்குக் குளக்கரையில் பைக்கை நிறுத்தினோம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து ஓய்ந்திருந்தது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. மேற்குப் பக்கம், கோரைக்கு முன்னால், சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. வரித்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. மூன்று வருடமாக நான் கிட்டே போய்ப் படமெடுக்கக் காத்திருந்தது.

மடைக்குப் பக்கத்தில் சமதரையாக இருந்த இடத்தில் கூடாரம் போட்டோம். படகுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் இழுத்துவிட்டபோது அடியில் ஒரு உடைமர முள் ஏறிவிட்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் படகு பழைய துணி மாதிரி சுருண்டு கிடந்தது. ஜெர்வின் ஒட்டுப்போடப் பார்த்தான். பசை காய ராத்திரி ஆகிவிடும் என்றான்.

அப்போதுதான் அந்தத் தெப்பத்தைப் பார்த்தேன்.

மடையை ஒட்டி நின்ற பூவரச மரத்தில் நீல நைலான் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தது. இந்தப் பக்கக் குளங்களில் மீன் பிடிப்பவர்கள் வைத்திருப்பதுதான். தெர்மாகோல் பலகைகளை அடுக்கி, உரச்சாக்கில் பொதிந்து, பழைய வலையால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு ஆள் காலைத் தொங்கப் போட்டு உட்காரலாம். கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகலாம். சத்தமே வராது. பறவைகளுக்குப் பக்கத்தில் போக இதைவிட நல்லது கிடையாது.

ஜெர்வினுக்கு அது பிடிக்கவில்லை.

"கேக்காம எடுக்காத லே. எங்க ஊர்ல ஒருத்தன் வள்ளத்த இன்னொருத்தன் தொட மாட்டான்."

யாரிடம் கேட்க என்றேன். கரையில் ஏறி நின்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஆள் இல்லை. ஒரு கிலோமீட்டரில் டீக்கடை இருந்தது. வரும்போது அங்கேதான் டீ குடித்தோம். வண்டியில் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து கட்டிவிடுகிறேன் என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தேன். கயிற்றை மரத்திலேயே விட்டுவிட்டேன்.

அப்போது மணி 4.25.

படம் நன்றாகக் கிடைத்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கோரைக்குள் தெப்பத்தைச் செருகி, தலைக்குமேல் இரண்டு கோரைக் கொத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தோரு வாத்துகள். இருபதடி தூரத்தில் மேய்ந்தன. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். இப்போது அந்தப் படங்களைத் திறப்பதே இல்லை.

6.05க்குப் படமெடுக்கிற வெளிச்சம் போய்விட்டது. திரும்பி வர முயன்றால் வாடைக்காற்று எதிரே அடித்தது. நாலு தள்ளு தள்ளினால் மூன்று தள்ளு பின்னால் வந்தது. மடியில் கேமரா, மேலே அலை தெறிக்கிறது. தெப்பத்தை இன்னும் உள்ளே இழுத்து, கோரைக்கு நடுவில் சேற்றில் ஏற்றிவிட்டு, கேமராவோடு குளத்தைச் சுற்றி நடந்து வந்தேன். கரையில் இருந்து யார் பார்த்தாலும் அது தெரியாது. யாராவது தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்றுதான் அப்படி வைத்தேன். காலையில் காற்று விழுந்ததும் கொண்டுவந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கூடாரத்துக்கு வந்து சேர 7.20 ஆகிவிட்டது. ஜெர்வின் முதலில் கேட்டது தெப்பம் எங்கே என்றுதான். சொன்னேன். விடிந்ததும் முதல் வேலையாக அதைக் கொண்டுவந்து கட்டிவிட வேண்டும் என்றான். சரி என்றேன்.

7.45 இருக்கும். எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. குளத்தில் சத்தமே இல்லை.

பறவைகள் அடையும் நேரத்துக்குக் குளம் இரைச்சலாக இருக்கும். நாரைகள் கிளைக்குச் சண்டை போடும். நாமக்கோழி கத்தும். தவளைகள் ஆரம்பிக்கும். சாயங்காலம் வரை அப்படித்தான் இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. ஆயிரம் பறவைகள் அங்கே இருக்கின்றன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. ஜெர்வினிடம் சொன்னேன். மழை வரும்போல என்றான். வானத்தில் மேகமே இல்லை.

8.40க்கு அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தட்டுக் கழுவப் போனான். உடனே திரும்பி வந்தான். தட்டு கழுவாமலே இருந்தது.

"தெப்பத்த அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தன்னுதான சொன்ன?"

"ஆமா."

"அப்ப கயித்துல என்ன கெடக்கு?"

போய்ப் பார்த்தேன். நான் அவிழ்த்துவிட்டுத் தொங்கவிட்ட கயிறு தொங்கவில்லை. மரத்தில் இருந்து நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. விறைப்பாக. மறு நுனியில் ஏதோ கனமானது கட்டியிருப்பது போல. ஜெர்வின் கையை வைத்தான். சட்டென்று தளர்ந்தது. இழுத்தான். இலகுவாக வந்தது. நுனியில் ஒன்றுமில்லை.

மீன் ஏதாவது கவ்வியிருக்கும் என்று நான் சொன்னேன்.

கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்துவிட்டுப் படுத்தோம். 11.10க்கு பீடி வாடை வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. கரையில் யாராவது போகிறார்களா என்று காது கொடுத்தேன். காலடிச் சத்தம் இல்லை. வாடை மட்டும் கூடாரத்தைச் சுற்றி வந்தது போல இருந்தது. அப்புறம் போய்விட்டது.

எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

சளக்.

கண்ணைத் திறந்தேன். செல்போனில் மணி 4.12.

சளக்... சளக்...

முழங்கால் தண்ணீரில் ஒரு ஆள் நடக்கிற சத்தம். அவசரமில்லாத நடை. மடைப் பக்கம் இருந்து எங்களை நோக்கி வந்தது. ஜெர்வினும் முழித்துவிட்டான். அவன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

கூடாரத்துக்கு நேராக வந்து நடை நின்றது. பத்தடி தூரம் இருக்கும். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீரைவிட்டு ஏறவில்லை.

"அண்ணாச்சி... முழிச்சிருக்கீயளா?"

சாதாரணக் குரல். நாற்பது ஐம்பது வயது ஆண். தூங்குகிறவர்களை எழுப்புகிறோமே என்கிற தயக்கம்கூட அதில் இருந்தது. பேய்க் குரல் இல்லை. பேய்க் குரலாக இருந்திருந்தால் நான் அன்று உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜிப்பை நாலு விரல் அளவு இறக்கினேன். நிலா உச்சியில் இருந்தது. தண்ணீருக்கு மேலே வெள்ளையாக மூட்டம். அதற்குள் ஒரு உருவம். இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம், தலையில் துண்டு. முகம் தெரியவில்லை.

யாரு என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது.

"மடைக்குப் பக்கத்துல தெப்பத்தக் கெட்டிப் போட்டிருந்தேன். பாத்தீயளா?"

ஜெர்வின் என்னைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். பயம் அல்ல. வெட்கம். ஊர்க்காரர் ஒருவர், விடிவதற்கு முன்னால் தொழிலுக்கு வந்திருக்கிறார். அவர் பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ போட்டுவிட்டு வந்திருக்கிறேன். எடுத்தேன் என்றால் சத்தம் போடுவார். ஊரைக் கூட்டுவார். இருட்டில் குளத்தைச் சுற்றிப் போய் எடுத்துத் தரவேண்டும். அவர் போனபிறகு விடிந்ததும் சத்தமில்லாமல் கொண்டுவந்து கட்டிவிட்டால் போயிற்று.

"இல்ல அண்ணாச்சி. பாக்கல."

"நீங்க எடுக்கலையா?"

"எடுக்கல."

அவர் மூச்சு விடுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

"சரி... அப்ப நானே தேடிப் பாத்துக்கிடுதேன்."

சளக்... சளக்... சளக்...

திரும்பி நடந்தார். கரையோரமாக இல்லை. குளத்துக்குள்ளே.

மூட்டம் மூடிவிட்டது. உருவம் போய்விட்டது. சத்தம் மட்டும்.

சளக்... சளக்...

ஜெர்வின் என் காதருகே வந்தான்.

"அங்கன நெல கெடையாது லே."

நிற்க முடியாத ஆழம் என்கிறான். மடைப் பக்கம் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். சாயங்காலமே அவன் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்திருந்தான்.

ஆனால் நடை மாறவில்லை.

நீச்சல் சத்தம் இல்லை. கை வீசும் சத்தம் இல்லை. அதே முழங்கால் தண்ணீர். அதே நிதானம்.

சளக்... சளக்...

ஐம்பதடி... நூறடி... நடுக்குளம்...

ஜெர்வின் எழுந்து உட்கார்ந்தான். ஜிப்பைப் பிடித்தான். தெப்பம் எங்கே இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொல்லப் போகிறான்.

நான் அவன் வாயைப் பொத்தினேன்.

இரண்டு கையாலும்.

அவன் திமிறினான். விடவில்லை. எனக்குள்ளே ஆயத்துல் குர்ஸி ஓடியது. அல்லாஹ்வின் வார்த்தை நெஞ்சில். பொய் உதட்டில். கை இன்னொருத்தன் வாயில்.

சளக்...

சளக்...

நின்றது.

தேய்ந்து மறையவில்லை. நின்றது.

மணி 4.31.

குபுக்... என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை.

அப்புறம் விடியும்வரை ஒன்றுமில்லை.

எங்கோ தூரத்துப் பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொழ வேண்டும். தொழும் முன் கைகால் கழுவி ஒளு செய்யப் பத்தடியில் ஒரு குளம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அதில் கையை வைக்க என்னால் முடியவில்லை. அன்றைய தொழுகை போனது.

6.10க்குத் தரை தெரிகிற அளவுக்கு வெளிச்சம். வெளியே வந்தோம். அவர் நின்ற இடத்துக்கு நேரே கரையோரம் ஈரச் சேறு. முந்தின நாள் படகை இழுத்த தடம் இருந்தது. எங்கள் கால் தடங்கள் இருந்தன. வேறு தடம் இல்லை. பறவைகள் கத்த ஆரம்பித்திருந்தன. எல்லாம் சாதாரணமாக இருந்தது.

ஜெர்வின் தெப்பத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். அந்தத் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றேன். நீ வரவேண்டாம், நான் சுற்றி நடந்து போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். கடலில் பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அவன் போனால் அந்த மடையடியில் நான் தனியாக இருக்க வேண்டும். நீ போனால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றேன். சாவி என்னிடம் இருந்தது. என் முகத்தைப் பார்த்தவன் கூடாரத்தை மடித்தான்.

6.35க்குக் கிளம்பினோம். டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பின்னால் இருந்த ஜெர்வின் என் தோளைத் தட்டினான். தெப்பம் இருக்கிற இடத்தை இவரிடமாவது சொல்லிவிட்டுப் போவோம் என்றான். நான் நிறுத்தவில்லை.

அடுத்த பத்து நாள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் லென்ஸ் பவரை மாற்றி வெட்டிவிட்டேன். தஸ்லிமா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது நாள் உட்கார வைத்துக் கேட்டாள். குரலைப் பற்றி நான் சொல்லவில்லை. தெப்பத்தை எடுத்ததையும், கேட்டவரிடம் இல்லை என்று சொன்னதையும் மட்டும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "தொழுது அழுதா இது தீராது. இது அந்த மனுசனோட ஹக்கு, அவருக்குள்ள உரிமை. அவருதான் மன்னிக்கணும். போயிக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அதைக் கேட்டும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஜனவரி 29, புதன்கிழமை, கடையில் அனுமதி கேட்டுவிட்டுத் தனியாகப் போனேன். ஜெர்வினிடம் சொல்லவில்லை.

டீக்கடைக்காரர் பெயர் மாரிக்கண்ணு. அறுபதைத் தொட்டவர். மடைக்குப் பக்கத்தில் தெப்பம் வைத்திருப்பவர் யார், அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நடராஜா? அவன் போயிட்டாம்லா தம்பி. குளத்துலதான். கெட்டிக்காரன், நீச்ச தெரிஞ்ச பய."

பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. எப்போதோ செத்தவர். செத்தவர்தான் வந்திருக்கிறார். அப்படியென்றால் நான் பொய் சொன்னதில் யாருக்கும் எதுவும் கெடவில்லை. பயந்தது மட்டும்தான் மிச்சம்.

எப்போது என்று கேட்டேன். ஒரு வருடம், இரண்டு வருடம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"போன ஞாயித்துக்கெழமைக்கு மொத ஞாயிறு. பத்தொம்பதாந் தேதி. சாயங்காலம் நாலர மணி இருக்கும்."

அவர் ஆற்றித் தந்த டீ என் கையில் இருந்தது. கீழே வைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி காலை 6.40 வாக்கில் நாங்கள் இந்தக் கடையைக் கடந்து போனோம். அப்போது நடராஜ் உயிரோடு இருந்திருக்கிறார். அதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால், 4.12க்கு, தண்ணீரில் நின்று எங்களிடம் பேசியது...

மாரிக்கண்ணு சொல்லிக்கொண்டே போனார். சனிக்கிழமை மதியமே நடராஜ் குடும்பத்தோடு வள்ளியூருக்குப் போய்விட்டாராம். மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். ராத்திரி அங்கேயே மண்டபத்தில் தங்கல். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகத் தனியாகத் திரும்பி வந்தாராம். தெப்பத்தைக் காணோம் என்று இந்தக் கடையில் வந்து கேட்டாராம். இவருக்குத் தெரியவில்லை. காற்றில் முடிச்சு அவிழ்ந்து மடையடியில் ஆகாயத்தாமரைக்குள் மாட்டியிருக்கும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனாராம். உள்ளே முங்கித் தடவியிருக்கிறார். பழைய வலை ஏதோ காலில் சுற்றிவிட்டது. ஆறரை மணிக்குத்தான் ஆளை எடுத்தார்கள்.

"தெப்பம் நாலு நா கழிச்சு மேக்க கோரைக்குள்ள கெடந்துச்சு. எந்தப் பய கொண்டு போயி ஒளிச்சு வச்சானோ."

அந்தப் பய நான்தான் என்று இங்கேயும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வழி கேட்டுப் போனேன். ஊரின் கடைசித் தெரு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. வாசலில் நின்று, "வீட்ல யாரு இருக்கீங்க?" என்று கூப்பிட்டேன். ஒரு பெண் வந்தார். நடராஜின் மனைவி, பெயர் கோமு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அழவில்லை.

விஷயம் கேள்விப்பட்டேன், துக்கம் கேட்டுப் போக வந்தேன் என்றேன். உட்காரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். மேலப்பாளையம் என்றேன். என்ன வேலை என்றார். சொன்னேன். பிள்ளைகள் எத்தனை என்றார். ஒன்று என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினால் அடுத்த கேள்வி கேட்டார். துக்க வீட்டில் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். சனிக்கிழமை ராத்திரி மண்டபத்தில் எல்லோரும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். சமையல்காரர்கள் அடுப்புப் பற்ற வைக்கிற நேரம். நாலு மணிக்கு மேல் இருக்கும். பக்கத்தில் படுத்திருந்த நடராஜ் எழுந்து உட்கார்ந்தார். கண் மூடியிருந்தது. யாரிடமோ பேசுகிற மாதிரி பேசினார். அண்ணாச்சி, முழிச்சிருக்கீயளா என்றார். தெப்பத்தைப் பார்த்தீர்களா என்றார். கனவு காண்கிறார் என்று கோமு தோளை உலுக்கினார். முழிக்கவில்லை. பேசி முடித்துவிட்டுப் படுத்தார். அதன் பிறகு எவ்வளவு நேரமோ, படுத்தபடியே காலை மாற்றி மாற்றி அசைத்துக்கொண்டிருந்தார், நடப்பது போல.

காலையில் எழுந்ததும் குளத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். குளக்கரையில் இரண்டு பேர் கூடாரம் போட்டுப் படுத்திருக்கிறார்கள், எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள், தெப்பத்தைத் தேடவேண்டும் என்றாராம். கனவைச் சொல்லிக் கிளம்பினால் சிரிப்பார்கள் என்று இவர் மதியச் சாப்பாடுவரை பிடித்து வைத்திருந்தார்.

எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

"அதுகூட கனான்னு விட்டுருவேன்" என்றார் கோமு. "கேட்டது அவரு குரலு. ஆனா நடுவுல பதிலு வந்துச்சு. அதுவும் அவரு வாயிலருந்துதான் வந்துச்சு. அது அவரு குரலு இல்ல. வேற ஆளு."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க வாசல்ல நின்னு கூப்பிட்டப்பவே எனக்குச் சந்தேகம்."

ஒரு அடி கிட்டே வந்தார்.

"ஒரே ஒருக்கா சொல்லுங்க தம்பி. எடுக்கலன்னு சொல்லிக் காட்டுங்க."

அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.

"எடுத்தது நாந்தான்க்கா" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"இந்தக் குரலுதான்" என்றார்.

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் ரொம்ப நேரம் வாசலில் நின்றேன். மன்னிப்பைக் கேட்க எனக்கு அங்கே யாரும் இல்லை.